மதிபுஷ்பத்தின் இங்கிலீஷ்

ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. இசக்கிராஜுக்கு இங்கிலீஷ் படிக்க அதைவிடத் தோதான இடம் தூத்துக்குடியில் வேறு கிடையாது. காதுக்குள் பேசும் பொத்தானை மாட்டி, அது தமிழாக்குவதை நிறுத்தி வைத்துவிட்டு, அம்மோனியாக் குழாய்களின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தபடி நின்று, வாய் நிறையச் சொல்லிப் பார்ப்பார். சத்தம் அவருக்கே கேட்காது. கூச்சமும் இருக்காது.

ஆனால் வாய் அசைவது கண்ணுக்குத் தெரியத்தானே செய்யும். ஐஸ் கேன் தூக்குகிற கொம்பையா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். பெண்டாட்டி போன துக்கத்தில் மனுஷன் மந்திரம் கிந்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டாரோ என்று மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தான். பிறகு கம்ப்ரசர் நின்ற நேரமாகப் பார்த்து அவரிடமே வந்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, தன்னால பேசுதிய?"

"இங்கிலீஷ் படிக்கேம்ல."

"இந்த வயசுலயா? வெள்ளக்காரி எவளையும் பாத்து வச்சிருக்கியளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இசக்கிராஜும் சிரித்து வைத்தார். கொம்பையா விடவில்லை. ஐஸுக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டான்.

"ஐஸ்தாம்ல."

"அப்ப பாதிப் படிப்பு முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவனிடம் எதைச் சொல்ல? செத்துப்போன பெண்டாட்டியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, அவளுக்கு இப்போது இங்கிலீஷ் தவிர வேறு பாஷை தெரியவில்லை, அதனால் படிக்கிறேன் என்றா?

எந்த நாட்டுக்காரன் என்ன பாஷையில் பேசினாலும் உடனுக்குடன் காதுக்குள் தமிழாக்கிச் சொல்லும் பொத்தான் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நாம் தமிழில் பேசினால் எதிராளிக்கு அவன் பாஷையில் கேட்கும். இறால் ஏற்றுமதி செய்கிறவர்கள் ஜப்பான்காரனோடு தூத்துக்குடித் தமிழிலேயே மல்லுக்கட்டுகிறார்கள். இங்கிலீஷ் டியூஷன் நடத்தியவர்கள் எல்லாம் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அந்தப் பொத்தான் செல்லாது. குளிர் தேசங்களில் தனியாகக் கிடக்கும் வயசானவர்களுக்குத் துணையிருக்கும் வேலை. அந்த ஊர்க் கிழவர்களும் கிழவிகளும் இயந்திரக் குரலைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், எங்களோடு இருக்க வருகிறவர்கள் அவரவர் வாயாலேயே பேச வேண்டும் என்று சட்டம் போட வைத்துவிட்டார்கள். அதற்கு வைக்கிற பரீட்சையை இங்கே 'சொந்த வாய்' என்பார்கள். சொந்த வாய்க்குப் படிக்கிறாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், அவள் ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறாள் என்று அர்த்தம்.

மதிபுஷ்பம் சொந்த வாய்க்குப் படித்தாள் என்பது அவள் போன பிறகுதான் இசக்கிராஜுக்குத் தெரிந்தது.

மார்கழியில் காய்ச்சல் என்று படுத்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. காரியம் எல்லாம் முடிந்து, ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் சுபிலா, போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மாவின் டேப்லெட்டைத் திறந்திருக்கிறாள். திறந்தவள் அறையிலிருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பா, அம்மா பேசுதா. இங்கிலீஷ்ல பேசுதா."

அவர் எழுந்து உள்ளே போவதற்குள் அவள் அதை மூடிவிட்டிருந்தாள். வெளிநாடு போகிற பொம்பளைகள் பேசிப் பழகுகிற வீடியோ அது என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். இரட்டை என்பார்களாம். அது அம்மா இல்லை, முகம்தான் அம்மா முகம், அழித்துவிடலாம் என்றாள். இசக்கிராஜ், இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அவர் எதற்கும் அவ்வளவுதான் சொல்வார்.

மகள் ஊருக்குப் போன பிறகு ஒரு காலையில் தனியாக உட்கார்ந்து திறந்தார். மதிபுஷ்பம் வந்தாள். குளித்து முடித்து ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியோடு. ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தப் பேச்சைக் காதுப் பொத்தானும் தமிழாக்கவில்லை, அவருக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை.

"ஏட்டி" என்றார்.

அவள் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள், அவர் வாயிலிருந்து சத்தமே வராத மாதிரி. மறுபடி கூப்பிட்டார். என்னைத் தெரியவில்லையா என்றார். அவள் காத்துக்கொண்டே இருந்தாள். காதுப் பொத்தானைக் கழற்றி, தான் சொல்வதை அது இங்கிலீஷில் சொல்லும்படி டேப்லெட் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இயந்திரக் குரல் கேட்டதும் திரை கறுத்துவிட்டது.

டேப்லெட்டின் பின்னால் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து மட்டக்கடைப் பக்கம் சொந்த வாய்க்குப் பழக்குகிற பேச்சுக்கூடத்தைத் தேடிப் போனார். அதை நடத்துகிற ஹெப்சிபாவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மதிபுஷ்பத்தின் புருஷன் என்றதும் எழுந்து நின்றாள். அக்கா ரொம்ப நல்லாப் பேசுவாங்க, சிரிக்கச் சிரிக்கப் பேசுவாங்க என்றாள். இசக்கிராஜுக்கு அவள் வேறு யாரையோ சொல்கிறாளோ என்று இருந்தது.

"அது தமிழக் கேக்காது அண்ணாச்சி. தமிழுக்குச் செவிடுன்னு வச்சிக்கிடுங்க. கேட்டா படிக்கிறவங்க தமிழுக்கே திரும்பிருவாங்கன்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. பொத்தான் குரலும் ஆகாது. முன்ன நெறையப் பேரு அத வச்சி ஏமாத்துனாங்க."

"அப்ப அது யாரு?"

"அக்கா திக்கித் திக்கிச் சொல்லுவாங்கல்லா, அதையே திக்காமச் சொன்னா எப்படி இருக்கும்னு அவங்க முகத்துலயே, அவங்க கொரல்லயே சொல்லிக் காட்டும். அடுத்தவங்க வாயப் பாத்துப் படிக்கிறத விடத் தன் வாயப் பாத்துப் படிச்சா சீக்கிரம் வருதாம். மனசுல உள்ளதச் சொல்லச் சொல்ல அதுவும் அக்காவாவே ஆயிரும்."

அவள் சொன்னதையெல்லாம் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைப்பதில்லை என்றாள் ஹெப்சிபா. உங்கள் பிளான்ட் தொட்டியில் உப்புக் கரைந்து கிடக்கிற மாதிரி, எல்லாம் உள்ளே கரைந்து கிடக்கும். எடுக்க முடியாது, ருசி மட்டும் இருக்கும்.

"என்ன கேக்கணும்னு சொல்லுங்க. நான் கேட்டுச் சொல்லுதேன்."

இசக்கிராஜ் வாசலைப் பார்த்தார். என்னை விட்டுப் போகத்தான் படிச்சியா என்று என் பெண்டாட்டியிடம் கேட்டுச் சொல்லம்மா என்று இன்னொருத்தியிடம் எப்படிச் சொல்வது? மகளிடம் சொல்ல முடியாததை இவளிடமா? தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். வீட்டில் அதோடு பேசிப் பேசியே கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளலாம் இல்லையா?

ஹெப்சிபா பதறிப்போனாள்.

"அந்தத் தப்ப மட்டும் செஞ்சிராதிய அண்ணாச்சி. யாரு பேசுதாங்களோ அவங்க பக்கம் சாயும் அது. படிக்கிறதுக்குன்னு செஞ்சது பாருங்க, திரும்பத் திரும்பச் சொன்னதச் சரின்னு எடுத்துக்கிடும். ரெண்டு தடவ இல்லேங்கும், மூணாவது தடவ யோசிக்கும், அப்புறம் அதுவே அந்தப் பேச்சப் பேசும். நீங்க தெனமும் பேசுனியன்னா, முகம் அக்கா முகமா இருக்கும், உள்ள நீங்க இருப்பிய."

"பூட்டி வைக்க முடியாதா?"

"பூட்டுனா போட்டோ மாதிரிதான். பதில் சொல்லணும்னா அது காது கொடுக்கணும். காது கொடுத்தா மாறும்."

அதனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்றும் அவளே சொன்னாள். இங்கிலீஷை வேறு எங்காவது படித்துக்கொண்டு வர வேண்டும். நன்றாக வந்த பிறகு ஒரே ஒரு தடவை உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும்.

வேறு எங்கே படிப்பது? பழைய வீடியோக்கள் கிடந்தன. பொத்தான் வருவதற்கு முந்திய காலத்தில், இங்கிலீஷ் வராவிட்டால் வாழ்க்கையே இல்லை என்று ஜனம் அலைந்த நாட்களில், யார் யாரோ எடுத்துப் போட்டவை. இப்போது பார்க்க ஆளில்லாமல் இணையத்தில் அப்படியே கிடந்தன. மதுரைப் பெண் ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று தினம் பத்து வாக்கியம் சொல்லச் சொன்னாள். மொட்டைத் தலை வெள்ளைக்காரர் ஒருவர் தன் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டே பேசினார். நறுக்குகிற வேலை எல்லாவற்றுக்கும் அவரிடம் வார்த்தை இருந்தது. எனக்குப் பின்னால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த முகத்தோடு காத்திருப்பார். அந்த மனுஷன் இப்போது இருக்கிறாரோ இல்லையோ. காத்திருக்கிறவரை ஏமாற்றக் கூடாது என்று இசக்கிராஜும் கம்ப்ரசர் சத்தத்துக்குள் நின்று சொல்வார்.

முதலில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக் கேட்டார். குடிகாரன் பேசுகிற மாதிரி இருந்தது, ஆனால் விளங்கியது. திரைக்குக் கீழே ஓடுகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு எழுத்தை மறைத்துவிட்டுக் கேட்டார். தன் குரலைப் பதிந்து போட்டுப் பார்த்து, இது யார் இப்படி முக்குகிறான் என்று அதிர்ந்துபோய் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வீடியோவுக்குக் கீழே எவன் எவனோ எழுதிவிட்டுப் போயிருந்ததையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். நாளை எனக்கு இன்டர்வியூ, எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஒருவன் எழுதியிருந்தான். அவனுக்கு வேலை கிடைத்ததா என்று இசக்கிராஜ் ஷிப்ட் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

வாக்கியம் வருவதில்கூட அவ்வளவு சிரமம் இல்லை. அந்த வீடியோக்காரர்கள் கேட்கிற கேள்விகள்தான் அவரைப் படுத்தின. இன்று உங்கள் நாள் எப்படிப் போனது? உங்களுக்குப் பிடித்த இடம் எது? ஏன் பிடிக்கும்? இப்படியெல்லாம் அவரை யாரும் கேட்டதில்லை, அவரும் யாரையும் கேட்டதில்லை. உங்கள் மனைவியின் ஒரு நாளைப் பற்றிப் பேசுங்கள் என்று மதுரைப் பெண் ஒரு பாடத்தில் சொன்னாள். என் மனைவி காலையில் எழுவாள் என்றார். சமைப்பாள் என்றார். வீடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஷிப்ட் மத்தியானம் தொடங்கும். அவர் கிளம்பின பிறகு அவள் என்ன செய்வாள்? அதற்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. பதில் தெரியவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி மட்டும் நாளாக நாளாகத் தெளிவாகிக்கொண்டே வந்தது. என்னை விட்டுப் போவதற்காகத்தான் நீ இங்கிலீஷ் படித்தாயா? அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், கோபமாகச் சொல்லிப் பார்த்தார், சும்மா கேட்கிற மாதிரி சொல்லிப் பார்த்தார். ஆமாம் என்றால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. தெரியாமல் இருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த மார்கழியும் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு டேப்லெட் முன்னால் உட்கார்ந்தார். அவள் வந்தாள். அவர்கள் பேசியது முழுக்க இங்கிலீஷ். அவளுடையது தண்ணீர் மாதிரி ஓடியது. அவருடையது கல் தடுக்கித் தடுக்கி வந்தது. ஆனாலும் வந்தது.

"வணக்கம். உங்களோடு நான் பேசியதில்லை. பேசிப் பழக வந்தீர்களா?" என்று கேட்டுச் சிரித்தாள் மதிபுஷ்பம்.

நான்தான் உன் புருஷன் என்று சொல்வதாகத்தான் இருந்தார். அந்தச் சிரிப்பு அவரை நிறுத்திவிட்டது. முதல்முதலாகப் பார்க்கிற ஆளைப் பார்த்து, இவர் நம்மோடு பேசுவார் என்று நம்பிச் சிரிக்கிற சிரிப்பு. யார் என்று சொன்னால் அது உள்ளே போய்விடும் என்று தோன்றியது. புருஷனிடம் சொல்லாத உண்மையைப் புதியவனிடம் சொல்லலாம் என்றும் தோன்றியது.

"என் பெயர் ராஜ். தூத்துக்குடி" என்றார்.

"அதுதானே பார்த்தேன். உங்கள் இங்கிலீஷ் நம் ஊர் இங்கிலீஷ்."

"நீங்கள் எதற்காக இங்கிலீஷ் படித்தீர்கள்? உங்கள் புருஷனை விட்டுப் போவதற்காகவா?"

வருஷம் முழுக்கச் சொல்லிப் பழகின கேள்வி, ஒரு வார்த்தை மாறி வெளியே வந்து விழுந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தாள்.

"விட்டுப் போவதற்கு இல்லை. போவதற்கு. இரண்டும் ஒன்றா?"

இசக்கிராஜ் இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு வீட்டை வீடியோவில் காட்டினார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல். நம் கடல் மாதிரி இல்லை, சாம்பல் நிறத்தில் இருந்தது. அங்கே ஒரு கிழவி தனியாக இருக்கிறாள். சமைக்க இயந்திரம், துடைக்க இயந்திரம் எல்லாம் இருக்கிறது. பேசுவதற்கு மட்டும்தான் ஆள் தேடுகிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பேச ஆள் வேண்டும் என்று ஒரு வீட்டில் கேட்கிறார்களே."

"உங்கள் புருஷனுக்குத் தெரியுமா?"

"அந்தப் பாடம்தான் எனக்கு முடியவே மாட்டேன் என்கிறது. இரண்டு வருஷம் போய்விட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். முதலில் இங்கிலீஷில் சொல்லிப் பழகிவிட்டால் அப்புறம் தமிழில் சொல்லத் தைரியம் வரும் என்று நினைத்தேன். ஆனால் புருஷன் மாதிரிப் பேச இங்கே சரியான ஆள் இல்லை. இந்தப் பாடங்களில் வருகிற புருஷன்கள் எல்லாம், உன் மனசு எனக்குப் புரிகிறது அன்பே என்கிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை." அவள் முகத்தில் ஒரு யோசனை வந்தது. "நீங்கள் செய்கிறீர்களா? நீங்கள் நம் ஊர் ஆள். என் புருஷனாக இருங்கள். நான் சொல்கிறேன்."

வேடம் போட்டுப் பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியும். எல்லா வீடியோவிலும் அது உண்டு. ஒருவர் கடைக்காரர், இன்னொருவர் சாமான் வாங்க வந்தவர். ஒருவர் டாக்டர், இன்னொருவர் நோயாளி. தானே தானாக வேடம் போடுவதற்கு எந்த வீடியோவிலும் பாடம் இல்லை.

சரி என்றார்.

மதிபுஷ்பம் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதுகு நிமிர்ந்தது. "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வெளிநாடு போகப் போகிறேன். இரண்டு வருஷம். அதற்காக இங்கிலீஷ் படித்துவிட்டேன்."

"போய்விட்டு வா. நான் கோபப்பட மாட்டேன்" என்றார் இசக்கிராஜ்.

அவள் சிரித்துவிட்டாள். "இல்லை. நீங்கள் நல்ல மனுஷர், அதனால் உங்களுக்கு நடிக்க வரவில்லை. அவர் அப்படிச் சொல்ல மாட்டார். இன்னொரு தடவை."

மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அவர் குரலை உயர்த்தினார். யாரைக் கேட்டுப் படித்தாய் என்று அதட்டினார். அவள் முகம் சுருங்கியது.

"அவரைக் கெட்டவராக்காதீர்கள். அவர் கத்த மாட்டார். ஒரு தடவைகூடக் கத்தினதில்லை. இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அவள் சொல்லி முடித்தபோது இசக்கிராஜிடம் வாக்கியம் எதுவும் மிச்சம் இல்லை. படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பினார். என்ன சொல்வது என்று தெரியாத நேரத்திலெல்லாம் அவர் வாயில் எது வருமோ அது இப்போது இங்கிலீஷில் வந்தது.

"சோறு எடுத்து வை."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"ஆமாம்" என்றாள் மதிபுஷ்பம். "இதேதான். திரும்பிக்கொண்டது உட்பட. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"ஊரில் நிறையப் பேர் அப்படித்தான்." குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "அதற்கப்புறம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

"சோறு எடுத்து வைப்பேன். சாப்பாடு வந்துவிட்டால் நான் சொன்னது முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். அதற்கடுத்த வாக்கியம் எனக்கு வரவில்லை. எவ்வளவு படித்தும் வரவில்லை."

இதற்காகத்தான் வந்தோம், இவ்வளவுதான், எழுந்துவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எழவில்லை. இன்னொரு தடவை செய்யலாம் என்றார். அவளும் தலையசைத்துவிட்டு மறுபடி சொன்னாள்.

"போய்விட்டு வா. நான் கோபப்பட மாட்டேன்."

"இல்லை. நாம்தான் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோமே."

"இன்னொரு தடவை சொல்லுங்கள்."

சொன்னாள். "போய்விட்டு வா. நான் கோபப்பட மாட்டேன்" என்றார்.

அவள் இல்லை என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றாள். தலை சாய்ந்தது. அரிசி உலை கொதித்துவிட்டதா என்று காது கொடுக்கிறபோது அப்படித்தான் சாய்ப்பாள். இசக்கிராஜுக்கு உடம்பெல்லாம் ஒரு ஆசை ஓடியது. அவள் கேட்பதற்கு முன்பே மறுபடியும் சொன்னார். போய்விட்டு வா. நான் கோபப்பட மாட்டேன். இந்தத் தடவை தடுக்காமல் வந்தது. மொட்டைத் தலைக்காரர் கேட்டால் சபாஷ் என்றிருப்பார்.

"ஒருவேளை சொல்லியிருப்பாரோ என்னமோ" என்றாள் மதிபுஷ்பம் மெதுவாக. "அவர் மனசுக்குள் அப்படித்தான் இருந்திருக்குமோ? நான்தான் பேசிப் பார்க்காமலே இருந்துவிட்டேன். என் தப்புதான் போலிருக்கிறது."

அவர் டேப்லெட்டிலிருந்து பின்னுக்கு நகர்ந்தார்.

இதோ சாய்கிறாள். இன்னும் நாலைந்து நாள் போதும். என் புருஷன் தங்கமானவர், அவரே என்னைப் போகச் சொன்னார், நான்தான் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று அவள் வாயாலேயே, அவள் குரலிலேயே கேட்கலாம். ஆயுள் முழுக்க உட்கார்ந்து கேட்கலாம். யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

இத்தனை நாளாக ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தவள், தேடினது தன் தப்பு என்று நம்பத் தொடங்கியிருந்தாள்.

"இல்லை" என்றார் இசக்கிராஜ். "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் அப்படிச் சொல்ல மாட்டார்."

"அப்படியா?"

"நீங்கள் சொல்லுங்கள். நான் சரியாகச் செய்கிறேன்."

அவள் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, சோறு எடுத்து வை என்றார். அவள் முகத்தில் சந்தேகம் போகவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். சோறு எடுத்து வை. இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் அதே நிமிர்ந்த முதுகோடு, அதே நம்பிக்கையோடு தொடங்கினாள். ஒவ்வொரு தடவையும் அவர் அதே மூன்று வார்த்தையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். குரல் உடைந்தபோதெல்லாம் நிறுத்தி, உடையாமல் மறுபடி சொன்னார். கத்தவும் இல்லை, கனியவும் இல்லை. எப்போதும் எப்படிச் சொல்வாரோ அப்படியே.

கடைசியில் அவள் பெருமூச்சு விட்டாள்.

"ஆமாம். இதுதான் அவர். முதலிலேயே நான் சொன்னேன் இல்லையா?"

"சொன்னீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி."

"நாளைக்கும் வருவீர்களா? என் புருஷனை இவ்வளவு சரியாக யாரும் செய்ததில்லை."

"இல்லை. எனக்கு வேலை இருக்கிறது."

அவள் அதற்கும் சிரித்தாள். போய்விட்டு வாருங்கள் என்றாள். இசக்கிராஜ் டேப்லெட்டை மூடிவிட்டு, சாத்தின ஜன்னலைத் திறக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கின பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். அவராக அவளைக் கூப்பிடுவது அபூர்வம். எடுத்ததுமே சுபிலா, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். படித்தது, காத்திருந்தது, இன்றைக்கு உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். அவர் சொல்லி நிறுத்தியதும்தான் கேட்டாள்.

"அம்மா என்ன சொன்னா எப்பா?"

இங்கேயும் வேறு மாதிரிச் சொல்லலாம். பொழுது போகாமல் படித்திருக்கிறாள், வேறு ஒன்றும் இல்லை என்றால் மகள் நம்பிவிடுவாள். அவளும் நிம்மதியாக இருப்பாள்.

"ஒரு வீட்டுக்குப் போகணும்னு நெனச்சிருக்கா. ரெண்டு வருசம் இருந்துட்டு வரணும்னு. எங்கிட்ட சொல்ல முடியாமத்தான் கெடந்திருக்கா. சொன்னாலும் நான் சோறு எடுத்து வைன்னுதான் சொல்லிருப்பேனாம்."

அவள் அழப்போகிறாளோ என்று நினைத்தார். அழவில்லை.

"ஆமாப்பா" என்றாள் சுபிலா. "அதத்தான் சொல்லிருப்பிய."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்த ஒன்றைத் தெரியும் என்று சொன்னாள். இசக்கிராஜ் சுவரில் சாய்ந்துகொண்டார். இனிமேல் அதைத் திறப்பதில்லை என்று சொன்னார், அழிக்கவும் வேண்டாம் என்றார். சரிப்பா என்றாள். அந்த வீடு எப்படி இருக்கும் என்று அம்மா சொன்னாளா என்று கேட்டாள். ஜன்னலைத் திறந்தால் கடலாம் என்றார். சாம்பல் நிறத்தில் இருக்குமாம். ஒரு கிழவி, பேச ஆள் வேண்டும் என்று காத்திருந்தாளாம். சொல்லச் சொல்ல அவருக்கே அந்த ஜன்னல் தெரிவது போல இருந்தது.

"எந்த ஊராம் எப்பா?"

இசக்கிராஜ் வாயைத் திறந்தார். அந்த ஒரு மத்தியானத்தில் அவளிடம் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாம் புருஷனைப் பற்றின கேள்வியாகவே இருந்தது.

"அத நான் கேக்கலியே, சுபி."